தரைக்குள் ஓடும் வெந்நீர்: எந்த வீட்டுக்குத் தகும்?

லண்டனில் ஹேரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் பழைய வீடு வாங்கிப் பின்புறச் சமையலறையை நீட்டிக் கட்டும் தமிழ்க் குடும்பங்களிடம் பில்டர் இப்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தரைக்குக் கீழே ஹீட்டிங் போட்டுவிடலாமா?” பெரும்பாலும் அங்கேயே, நின்ற இடத்திலேயே சரி என்று சொல்லிவிடுகிறார்கள். டைல்ஸின் நிறத்துக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் இதற்கு அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. டைல்ஸ் பிடிக்காவிட்டால் பெயர்த்து எடுக்கலாம். சிமெண்டுக்குள் புதைத்த குழாயின் இடைவெளியையும், அதற்கு அடியில் போட்ட வெப்பக் காப்புப் பலகையின் தடிமனையும் பிறகு மாற்ற முடியாது. வீட்டுக்குச் செய்யும் செலவுகளில் இவ்வளவு திரும்ப முடியாதது வேறு அதிகம் இல்லை. அதனால்தான் இதை நிதானமாக எடைபோட வேண்டும் என்கிறேன்.

நான் இங்கே பேசுவது தண்ணீர் ஓடும் வகையைப் பற்றி மட்டும். மின்கம்பி விரிப்பு வகை, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். சின்னக் குளியலறையைத் தாண்டி அதைப் பரிசீலிக்கவே வேண்டாம்.

தண்ணீர் வகையின் அமைப்பு எளிது. தரையில் காப்புப் பலகை விரித்து, அதன்மேல் 16 மி.மீ. பிளாஸ்டிக் குழாயை 10 முதல் 20 செ.மீ. இடைவெளியில் வளைத்து வளைத்துப் பதித்து, மேலே 50 முதல் 75 மி.மீ. வரை ஸ்க்ரீட் என்னும் சிமெண்டு-மணல் கலவையை ஊற்றிவிடுகிறார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் பம்ப் திணறும், சுற்றின் கடைசிப் பகுதிக்குச் சூடு போய்ச் சேராது. எல்லாச் சுற்றுகளும் மாடிப்படிக்கு அடியிலோ ஒரு அலமாரிக்குள்ளோ இருக்கும் மேனிஃபோல்டில், அதாவது தண்ணீரைப் பிரித்தனுப்பும் பொதுக்குழாயில், வந்து சேர்கின்றன. அந்தக் கதவைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழல்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை, எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டிக்கொண்டு நிற்கும். நீளமான சுற்றுக்கு அதிகமும் குட்டையான சுற்றுக்குக் குறைவுமாகத் தண்ணீரைப் பங்கிட்டு அமைத்தால்தான் வீடு சீராகச் சூடாகும். எல்லா மிதவையும் ஒரே கோட்டில் நின்றால், அநேகமாக யாரும் அதைச் சரிசெய்யாமலே போய்விட்டார்கள் என்று பொருள்.

இந்தத் தொழில்நுட்பத்தின் மீது பலருக்கு இன்னும் இருக்கும் அச்சம் ஒழுக்கு. அதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. கொரிய வீடுகளில் அடுப்புப் புகையைத் தரைக் கற்களுக்கு அடியில் செலுத்திச் சூடேற்றும் ஒண்டோல் முறை மிகப் பழையது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அதை டோக்கியோவில் ஒரு கொரிய அறையில் அனுபவித்துவிட்டு, பிற்பாடு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் 1937இல் முடிந்த ஜேக்கப்ஸ் வீட்டின் தரைக்கு அடியில் குழாய்களைப் போட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க் அருகே 1947 முதல் எழுந்த லெவிட்டவுன் வீடுகளில் செம்புக் குழாயை நேரடியாகக் காங்கிரீட்டில் புதைத்தார்கள். காலப்போக்கில் செம்பு அரித்துப் பல வீடுகளில் ஒழுகியது. தரையை உடைக்க மனமில்லாதவர்கள் அந்தக் குழாயைக் கைவிட்டுச் சுவரோரம் ஹீட்டர் மாட்டிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் 1970களில் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் குழாய் வந்தபோது அரிப்புப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் குழாய்ச் சுவர் வழியே ஆக்சிஜன் நுழைந்து பாய்லரையும் பம்பையும் துருப்பிடிக்க வைத்தது. ஆக்சிஜனைத் தடுக்கும் படலம் சேர்த்த குழாய்கள் வந்த பின்பே அதுவும் தீர்ந்தது. இன்றைக்கு முறையாகப் போட்ட குழாய் 50 ஆண்டு உழைக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. தரைக்குள் இணைப்பே கிடையாது, ஒவ்வொரு சுற்றும் ஒரே துண்டு. ஸ்க்ரீட் ஊற்றும்போது குழாயில் அழுத்தம் ஏற்றி வைத்திருந்தால் ஆணியோ மண்வெட்டியோ பட்டால் அப்போதே தெரிந்துவிடும். ஆகவே ஒழுக்கை ஒரு காரணமாகக் காட்டி இதை நிராகரிப்பதை நான் ஏற்கவில்லை. குழாய் தேறிவிட்டது. தேற வேண்டியது வீடு.

விளம்பரங்கள் முதலில் சொல்வது பாதத்துக்குக் கிடைக்கும் இதமான சூடு. அடுத்த வாக்கியத்தில் எரிபொருள் மிச்சம். இரண்டும் ஒரே வீட்டில் ஒன்றாகக் கிடைப்பது கடினம். இதை ஒரு கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றின் முன்னறையை எடுத்துக்கொள்வோம். 4 மீட்டருக்கு 4 மீட்டர். வெளிச்சுவர் காப்பே இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல், பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கதவிடுக்கிலும் புகைபோக்கியிலும் காற்று. வெளியே மைனஸ் 2 டிகிரி, உள்ளே 21 வேண்டும். சுவர் வழியே சுமார் 290 வாட், ஜன்னல் வழியே 260, காற்றுக் கசிவில் 480. ஆக மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் வாட் வெப்பத்தைத் தரை தந்துகொண்டே இருக்க வேண்டும். சோபா, டிவி மேசை, புத்தக அலமாரி போக வெறும் தரை 12 சதுர மீட்டர். அப்படியானால் சதுர மீட்டருக்கு 86 வாட்.

தரை எவ்வளவு தரும்? ஐரோப்பியத் தர விதி இஎன் 1264 ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. தாண்டினால் நெடுநேரம் நிற்பவர்களுக்குக் காலில் அசௌகரியம். 29 டிகிரித் தரை 21 டிகிரி அறைக்குத் தரக்கூடியது சதுர மீட்டருக்கு 88 வாட் அளவில்தான். நம் முன்னறை விளிம்பில் நிற்கிறது. குளிர் இன்னும் இரண்டு டிகிரி இறங்கினால் முடியாது. அதன்மேல் தடித்த கார்ப்பெட் விரித்தால், கார்ப்பெட்டைக் கடக்கவே தண்ணீர் இன்னும் 13 டிகிரி சூடாக இருக்க வேண்டும். குழாயில் 50 டிகிரி ஓடும். அந்த நிலையில் இது குறைந்த வெப்ப முறையே அல்ல.

அதே அறைக்குச் சுவரின் உட்பக்கம் காப்புப் போட்டு, நல்ல கண்ணாடி மாட்டி, இடுக்குகளை அடைத்துவிட்டால் தேவை 330 வாட்டுக்கு இறங்கிவிடும். சதுர மீட்டருக்கு 28 வாட். அதைத் தருவதற்குத் தரை 24 டிகிரியில் இருந்தால் போதும். இங்கேதான் விளம்பரத்தின் முதல் வாக்கியம் கை நழுவுகிறது. பாதத்தின் தோல் பெரும்பாலும் அதைவிடச் சூடாக இருக்கும். 24 டிகிரி டைல்ஸ் குளிராக உறுத்தாது, ஆனால் யாரும் அதைச் சூடு என்று சொல்லமாட்டார்கள். வருடத்தின் மிகக் குளிர்ந்த நாளிலேயே இந்த நிலை என்றால் அக்டோபரிலும் மார்ச்சிலும் தரை இன்னும் தணிந்திருக்கும். வீடு நன்றாக இருந்தால் தரை சுடாது. தரை சுடுகிற வீட்டில் காசு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஷோரூமில் வெறுங்காலால் நிற்கச் சொல்லி விற்கும் அந்த அனுபவத்தை எதிர்பார்த்துப் போடுபவர்கள், சரியான வீட்டில் போட்டால் ஏமாற்றமடைவார்கள்.

அந்தத் தணிந்த தரைக்கு இன்னொரு குணம் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஜன்னல் வழியே வெயில் விழுந்து அறை 21இலிருந்து 23க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரித் தரைக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் 3இலிருந்து 1ஆகக் குறைகிறது. தரை தரும் வெப்பமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே தானாக இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் எதுவும் செய்யத் தேவையில்லை. 29 டிகிரித் தரையிலோ வித்தியாசம் 8இலிருந்து 6தான் ஆகும். அது கால்பங்குக்குச் சற்று மேல் மட்டும் குறைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிக்கொண்டே இருக்கும். காப்பு உள்ள வீட்டில் தரை தன்னைத்தானே கட்டுப்படுத்தும். காப்பில்லாத வீட்டில் கட்டுக்கு அடங்காது.

அந்த அடங்காமைக்கு ஸ்க்ரீட்டின் கனமும் சேர்ந்துகொள்கிறது. 30 சதுர மீட்டர் சமையலறையில் 65 மி.மீ. ஸ்க்ரீட் ஏறத்தாழ 4 டன். அதை 5 டிகிரி உயர்த்த மட்டுமே 5 யூனிட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே போக வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று ஹீட்டிங்கைப் போட்டு அணைக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியது. கேஸ் பில் பயம் அப்படி. அந்தப் பழக்கத்தோடு இந்தத் தரை ஒத்துப்போகாது. வேலை முடிந்து வந்து பொத்தானை அமுக்கினால் படுக்கப் போகும் நேரத்தில்தான் சூடு வந்து சேரும். மறுபக்கம், பிள்ளையின் பிறந்தநாளுக்கு முப்பது பேர் வருகிறார்கள். உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஒவ்வொன்றும் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. மூன்று கிலோவாட் ஹீட்டர் ஒன்றை அறைக்குள் வைத்தது போல. அடுப்பில் பிரியாணியும் கொதிக்கிறது. ரேடியேட்டர் என்றால் திருகை மூடினால் சீக்கிரமே ஆறிவிடும். நாலு டன் தரை இரவு வரை தன் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், ஜன்னலைத் திறப்பதுதான் வழி.

எரிபொருள் மிச்சம் என்ற வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். மிச்சம் உண்மை, ஆனால் அதைத் தருவது தரை அல்ல, குழாயில் ஓடும் தண்ணீரின் தணிந்த வெப்பம். கேஸ் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி படிந்து அதன் வெப்பமும் பயனாகும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்புக்கு இது இன்னும் முக்கியம். தண்ணீரை ஒரு டிகிரி குறைவாகச் சூடாக்கினால் செயல்திறன் 2 முதல் 2.5 சதவீதம் ஏறும். 50 டிகிரித் தண்ணீருக்கு ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பம் கிடைத்தால், 35 டிகிரிக்கு நான்கை எட்டும். பிரிட்டனில் மின்சார யூனிட் கேஸைவிடச் சுமார் 4 மடங்கு விலை என்பதால், மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள இடைவெளியில்தான் பில் கூடுவதும் குறைவதும் தீர்மானமாகிறது.

இந்த மிச்சத்தைப் பெரும்பாலான வீடுகள் இழப்பது ஓர் இடத்தில். கீழ்த்தளத்தில் தரைக்குழாய், மாடியில் பழைய சின்ன ரேடியேட்டர்கள், இரண்டுக்கும் ஒரே பாய்லர் அல்லது ஒரே ஹீட் பம்ப். மாடி ரேடியேட்டருக்கு 60 டிகிரி வேண்டும் என்பதால் இயந்திரம் 60க்குச் சூடாக்குகிறது. பிறகு மேனிஃபோல்டில் உள்ள கலவை வால்வு அதில் ஆறிய தண்ணீரைக் கலந்து 38க்கு இறக்கித் தரைக்கு அனுப்புகிறது. 60க்குச் சூடாக்கிய செலவு நடந்தேவிட்டது. வீட்டிலேயே அதிகச் சூடு கேட்கும் அறை எதுவோ அதுதான் முழு வீட்டின் செயல்திறனை நிர்ணயிக்கிறது. கீழே எவ்வளவு அழகாகத் தரைக்குழாய் போட்டாலும் மாடியில் இரண்டு ரேடியேட்டரைப் பெரிதாக மாற்றவில்லை என்றால், மிச்சம் பெருமளவு கரைந்துவிடும். பில்டர் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர் ஒப்பந்தம் கீழ்த்தளத்தோடு முடிகிறது.

இதன் மறுபக்கமும் உண்மை. எல்லா அறைக்கும் பெரிய ரேடியேட்டர் போட்டு 45 டிகிரியில் ஓட்டினால், தரைக்குழாய் தரும் பலனில் பெரும்பகுதி தரையை உடைக்காமலே கைக்கு வந்துவிடும். இங்கிலாந்தின் கட்டட விதிகளே 2022 ஜூனிலிருந்து புதிய வெப்ப அமைப்புகளை 55 டிகிரிக்கு மேல் போகாமல் வடிவமைக்கச் சொல்கின்றன. ஆகவே ஒப்பிட வேண்டியது தரைக்குழாயையும் நம் வீட்டின் பழைய ரேடியேட்டரையும் அல்ல, தரைக்குழாயையும் அளவறிந்து போட்ட புதிய ரேடியேட்டரையும்.

பழைய வீட்டின் மரத்தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரிசை வீடுகளின் முன்னறையில் ஒரு பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே விட்டங்கள், அதற்கும் கீழே இருண்ட வெற்றிடம், வெறும் மண், காற்றுத் துளைச் செங்கல் வழியே வீசும் குளிர்காற்று. விட்டம் உளுத்துப் போகாமல் காப்பது அந்தக் காற்றுதான், அதை அடைக்கக் கூடாது. பலகைக்குமேல் 15 முதல் 20 மி.மீ. உயரமுள்ள மெல்லிய தகட்டு முறையைப் போடலாம் என்பார்கள். விட்டங்களுக்கு நடுவே காப்பு வைக்காமல் அதைப் போட்டால் வீட்டுக்குள் வர வேண்டிய வெப்பத்தில் கணிசமான பங்கு அந்த இருட்டுக்குள் போகும். தவிர, தரை மேலேற மேலேற மாடிப்படியின் முதல் படி குட்டையாகிறது. தினமும் ஏறி இறங்கும் கால், ஒரே ஒரு படி மட்டும் உயரம் மாறினால் தடுக்கும். வயதான அம்மா அப்பா இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், தரைக்குழாய்க்கு நம்மவர் வீட்டில் ஒரு நிஜமான இடம் இருக்கிறது என்பதே என் எண்ணம். செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலோடு நடப்பவர்கள் நாம். விசேஷத்துக்குத் தரையில் பாய் விரித்து உட்காருகிறோம், குழந்தைகள் தரையிலேயே வளர்கிறார்கள், சமையலறைக்குக் கார்ப்பெட்டை விட டைல்ஸைத்தான் விரும்புகிறோம். ஒண்டோல் கொரியர்களுக்குப் பொருந்தியதும் தரையில் உட்கார்ந்து தரையில் படுக்கும் வாழ்க்கையால்தான். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் காப்பில்லாத தரையின் டைல்ஸ் காலைக் கடிக்கும். 24 டிகிரி டைல்ஸ் கடிக்காது. சூடு என்ற ஆசையை விட்டு, குளிர் கடிக்காது என்ற அளவுக்கு எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டால் இது நல்ல பேரம். சுவரில் ரேடியேட்டர் இல்லாததால் சின்ன வீட்டில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் கிடைக்கும் இடமும் சும்மா இல்லை. ஆனால் சமையலறையின் அடி அலமாரிகளுக்குக் கீழேயும், இருபது கிலோ அரிசி மூட்டையும் வெங்காயமும் வைக்கும் மூலையிலும் குழாய் ஓடக்கூடாது. வரைபடத்தில் அந்த இடங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுக்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். வேறு காரணத்துக்காகத் தரையைத் தோண்டுகிறீர்கள் என்றால், அதாவது புதிய வீடோ பின்புற நீட்டிப்போ என்றால், கீழ்த்தளத்தில் போடுங்கள். புதிய பகுதியின் சுவரும் தரையும் இன்றைய விதிப்படி நல்ல காப்போடுதான் எழும். அங்கே தரைக்குழாய் தன் முழுத் திறனோடு வேலை செய்யும். நன்றாக இருக்கும் தரையை இதற்காகவே உடைப்பது என்றால் வேண்டாம். அந்தப் பணம் இடுக்கை அடைக்கவும், கூரைக்கும் சுவருக்கும் காப்புப் போடவும், ரேடியேட்டர்களைப் பெரிதாக்கவும் போகட்டும். மாடிப் படுக்கையறைகளுக்குத் தரைக்குழாய் தேவையே இல்லை. இரவில் ஆற வேண்டிய அறைக்கு, சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும் ரேடியேட்டரே பொருத்தம். அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட் என்று விற்பதையும் நான் ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு அறையாக மூடிக்கொண்டே வந்தால் ஹீட் பம்புக்குத் தண்ணீர் ஓட இடமில்லாமல், அது நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடும். வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் வெப்பத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும், எல்லாச் சுற்றும் திறந்தே இருக்கும் நிலையும் மேல்.

போடுவது என்று முடிவெடுத்தால் அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். சதுர மீட்டருக்கு எத்தனை வாட், தண்ணீர் எத்தனை டிகிரி, எந்தத் தரை விரிப்புக்கு என்று அதில் இருக்க வேண்டும். கணக்குத் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சிமெண்டு ஸ்க்ரீட் ஊற்றி 21 நாள் கழியும் முன் சூடேற்றக் கூடாது. அதன் பிறகும் முதல் மூன்று நாள் 25 டிகிரியில் ஓட்டித்தான் உயர்த்த வேண்டும். டைல்ஸ்காரர் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

வீட்டில் இன்னும் நல்ல கேஸ் பாய்லர் இருக்கிறது, ஹீட் பம்ப் பிறகு பார்க்கலாம் என்று நினைப்பவர்களே அதிகம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு மானியம் இருந்தும் பலர் காத்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் குழாயை இன்றைய பாய்லருக்காகப் போடாதீர்கள். பாய்லர் 45 டிகிரியை எளிதாகத் தரும் என்பதால் பில்டர் 20 செ.மீ. இடைவெளி விட்டு மிச்சம் பிடிப்பார். 35 டிகிரிக்கு வடிவமைத்து 10 செ.மீ. இடைவெளியில் போடச் சொல்லுங்கள். முப்பது சதுர மீட்டருக்கு 150 மீட்டருக்குப் பதில் 300 மீட்டர் குழாய் பிடிக்கும், மேனிஃபோல்டில் ஓரிரு சுற்று கூடும். முழு வேலையின் செலவில் அது சின்னத் தொகைதான், ஸ்க்ரீட் ஊற்றிய மறுநாள் எந்த விலை கொடுத்தாலும் அதைச் சேர்க்க முடியாது.